போனில் உள்ளதைக் கட்டளை வரியால் பக்கப் எடுத்தலும் திருப்பிப் போடுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் அன்ட்ரொயிட் போன்களுக்கானது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். இடைவெளி, சிறுகோடு, சாய்கோடு எல்லாம் உள்ளது உள்ளபடியே வரவேண்டும்.

வயரைக் குத்தினால் விண்டோஸிலேயே எல்லாம் தெரியுதுதானே? ஏன் இந்தக் கரைச்சல்?

ஐம்பது படம் எடுக்க அது போதும். பதினையாயிரம் படம் எடுக்கப் போனால்தான் சங்கதி விளங்கும். அந்த முறைக்கு எம்டிபி என்று பெயர். பாதி வழியில் ஜன்னல் உறைந்து நிற்கும். எந்தக் கோப்போடு நின்றது என்று சொல்லாது. பல வேளைகளில் கோப்பின் திகதி, நகலெடுத்த நாளாக மாறிவிடும். போனின் மீடியாப் பட்டியலில் இன்னும் பதியாத கோப்புகளை அது காட்டுவதுமில்லை. ஏடிபி என்ற கட்டளைக் கருவி நேரே கோப்புறையைப் படிக்கும், திகதியைக் காப்பாற்றும், முடிவில் எத்தனை கோப்பு வந்தது, எத்தனை விடுபட்டது என்று எண்ணிக்கை சொல்லும்.

என்னென்ன வேணும்?

ஒரு கணினி (விண்டோஸ், மாக், லினக்ஸ் எதுவும் சரி), கூகிள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபோம்-டூல்ஸ் என்ற சிப் கோப்பு, போதிய இடமுள்ள டிஸ்க், ஒரு டேட்டா வயர். சிப் கோப்பு சில மெகாபைட்தான். விரித்து ஒரு கோப்புறையில் வைத்தால் போதும், நிறுவத் தேவையில்லை. உபுண்டுவில் ஏபிடி மூலம் ஏடிபி என்ற பொதியைப் போட்டாலும் சரி.

வயரில்தான் பாதிப் பேர் இடறுகிறார்கள். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பி: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவு வயர்களிலும் பவர் பாங்கோடு வரும் குட்டை வயர்களிலும் தரவுக் கம்பி இல்லாமலே இருக்கலாம். போன் சார்ஜ் ஆகும், கணினிக்கு அது தெரியவே தெரியாது.

போனில எதைத் திறக்க வேணும்?

செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு தரம் தட்டுங்கள். சாம்சங்கில் அது "மென்பொருள் தகவல்" என்பதற்குள் இருக்கும். ஷாவோமியில் பில்ட் நம்பருக்குப் பதில் அதன் இயங்குதளப் பதிப்பு வரியைத் தட்ட வேண்டும். அதன்பின் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் என்ற புதுப் பட்டியல் தோன்றும். அதற்குள் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போடுங்கள். "ஸ்டே அவேக்" என்பதையும் போட்டுவிட்டால் சார்ஜில் இருக்கும்வரை திரை அணையாது.

புதிய சாம்சங் போன்களில் ஓட்டோ புளொக்கர் என்ற காவல் ஒன்று, வயர் வழியாக வரும் கட்டளைகளைத் தடுக்கும். டிபக்கிங் பொத்தான் மங்கிக் கிடந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள்.

"ஏடிபி டிவைசஸ்" எண்டு அடிச்சால் ஒண்டும் வருகுதில்லை.

என்ன வந்தது என்பதைப் பொறுத்து வைத்தியம் வேறு.

"அப்படியொரு கட்டளை இல்லை" என்றால் நீங்கள் வேறு கோப்புறையில் நிற்கிறீர்கள். பிளாட்ஃபோம்-டூல்ஸ் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் கொடுத்தால் கறுப்பு ஜன்னல் சரியான இடத்திலேயே திறக்கும். விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லைத் திறக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

பட்டியல் வெறுமையாக இருந்தால் வயரை மாற்றுங்கள், பிறகு துளையை மாற்றுங்கள். மேசைக் கணினியின் முன்பக்கத் துளையை விடப் பின்பக்கத் துளை நம்பத்தக்கது. அப்படியும் இல்லையென்றால் விண்டோஸுக்கான டிரைவர்: சாம்சங்குக்கு சாம்சங்கின் டிரைவர், பிக்ஸலுக்குக் கூகிளின் டிரைவர். போனின் துளையையும் பாருங்கள். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோர இடங்களில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து துளைக்குள் அப்பிவிடும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த ஈர்க்கு நுனியால் மெதுவாகக் கிண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம்.

"அனோதரைஸ்ட்" என்று வந்தால் போன் திரையில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறது. பூட்டைத் திறந்து சம்மதியுங்கள். கேள்வியே தோன்றவில்லை என்றால் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை நீக்கிவிட்டு வயரைக் கழற்றிக் குத்துங்கள். "ஓஃப்லைன்" என்றால் ஏடிபி கில்-சேர்வர் என்று கொடுத்து, மீண்டும் ஏடிபி டிவைசஸ். லினக்ஸில் "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தால் யூஎஸ்பி கருவிகளைத் தொட அனுமதி கொடுக்கும் யூடெவ் விதிகள் இல்லை என்று பொருள்.

தொடர் எண்ணுக்குப் பக்கத்தில் "டிவைஸ்" என்று வந்தால்தான் பாதை திறந்திருக்கிறது.

சரி, எந்தக் கட்டளையால எதை எடுக்கிறது?

முதலில் டி டிரைவில் பக்கப் என்று ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். பெயர் குட்டையாக இருக்கட்டும். விண்டோஸில் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் பல இடங்களில் தகராறு வரும். பிறகு (புல் என்றால் போனிலிருந்து கணினிக்கு இழுத்தல்):

ஏடிபி புல் -ஏ /எஸ்டிகார்ட்/டிசிஐஎம் டி:\பக்கப்

எஸ்டிகார்ட் என்பது ஒரே சொல். பெயரைப் பார்த்து மெமரி கார்ட் என்று நினைக்க வேண்டாம். அது போனின் உள் நினைவகம்தான். டிசிஐஎம் நான்கும் பெரிய எழுத்து. கமரா எடுத்த படங்கள் அங்கேதான் இருக்கும். அதே மாதிரி பிக்சர்ஸ், டவுன்லோட், டொக்கியுமென்ட்ஸ், மியூசிக், ரெக்கோடிங்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். அவற்றின் முதலெழுத்து மட்டும் பெரியது. என்ன இருக்கிறது என்று பார்க்க: ஏடிபி ஷெல் எல்எஸ் /எஸ்டிகார்ட். உண்மையான மெமரி கார்ட் ஏடிபி ஷெல் எல்எஸ் /ஸ்டோரேஜ் என்று கேட்டால், நடுவில் சிறுகோடு போட்ட எட்டு எழுத்துப் பெயரில் தெரியும்.

"-ஏ" ஐ விட்டுவிடாதீர்கள். கோப்பின் திகதியைக் காப்பது அதுதான். கமராப் படத்துக்குள் எடுத்த திகதி பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது இருக்காது. கோப்பின் திகதியும் போனால், பத்து வருடத்துக் கலியாண வீடும் சாமத்திய வீடும் ஒரே நாளில் நடந்த மாதிரி அடுக்கப்பட்டுவிடும்.

/எஸ்டிகார்ட் முழுவதையும் ஒரே தரத்தில் இழுக்க முயல வேண்டாம். உள்ளே இருக்கும் அன்ட்ரொயிட் கோப்புறையில் அனுமதி இல்லாத ஏதாவது ஒரு கோப்பில் முட்டினால் முழு வேலையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நட்சத்திரக் குறி போட்டு "ஜேபிஜி எல்லாம்" என்று கேட்பதும் புல்லுக்கு விளங்காது. கோப்புறையாகத்தான் கேட்க வேண்டும்.

சில கோப்பில மட்டும் "உருவாக்க முடியாது" எண்டு நிக்குது.

கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, செங்குத்துக்கோடு ஏதாவது இருக்கும். போனின் கோப்பு முறைமை அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. லினக்ஸ் கணினியில் எடுங்கள். இல்லையென்றால் ஒரே பொதியாகக் கட்டி எடுங்கள்:

ஏடிபி எக்ஸெக்-அவுட் "சிடி /எஸ்டிகார்ட் && டார் -சிஎஃப் - டிசிஐஎம் 2>/டெவ்/நல்" > டி:\பக்கப்\படங்கள்.டார்

படங்கள் என்ற பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் விரும்பியபடி வைக்கலாம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் இந்த வழி வேகமானதும்கூட. மூன்று கண்ணிகள் உண்டு. எக்ஸெக்-அவுட் என்ற இடத்தில் ஷெல் என்று போட்டால் வழியில் வரி முடிவுக் குறிகள் மாறி, பொதி கெட்டுப்போகலாம். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல், ">" குறியால் போகும் எல்லாவற்றையும் எழுத்து என்று நினைத்து மாற்றி எழுதும். அந்தக் கோப்பும் பழுது. மூன்றாவது, ஃபாட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபியை விடப் பெரிய ஒரு கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபாட்டாகவோ என்டிஎஃப்எஸ் ஆகவோ மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் பென் டிரைவில் உள்ளது அழியும்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? இடையில கரண்ட் போனால்?

யூஎஸ்பி 2 வயரில் வினாடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரும் என்று கணக்கு வையுங்கள். 64 ஜிபிக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். சின்னக் கோப்பு நிறைய இருந்தால் இரண்டு மடங்கும் ஆகலாம்.

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலம் போய்விட்டது. ஆனால் மாரி மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போவது போகும். புல் கட்டளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது, முதலிலிருந்து இழுக்கும். ஆகவே மடிக்கணினியில் செய்யுங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ். இரண்டும் இல்லையென்றால் கோப்புறைகளைச் சிறு சிறு துண்டாக எடுங்கள். போனால் ஒரு துண்டுதான் போகும். அறுந்த இடத்தில் கடைசியாக வந்த கோப்பு பாதியாக இருக்கும், அதை அழித்துவிடுங்கள்.

எல்லாம் வந்திட்டுது எண்டு எப்படி நம்பிறது?

எண்ணிப் பாருங்கள்.

ஏடிபி ஷெல் "ஃபைண்ட் /எஸ்டிகார்ட்/டிசிஐஎம் -டைப் எஃப் | டபிள்யூசி -எல்"

வரும் எண்ணும், கணினியில் அந்தக் கோப்புறையின் ப்ரொப்பட்டீஸில் தெரியும் கோப்பு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். டார் பொதி என்றால் டார் -டிஎஃப் என்று கொடுத்து உள்ளிருப்பதைப் பட்டியலிடுங்கள். பிழை இல்லாமல் கடைசி வரை ஓட வேண்டும். பிறகு ஐந்தாறு வீடியோவைத் திறந்து நடுப்பகுதிக்கு இழுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் போனை அழித்தவர்கள்தான் பிறகு வந்து நிற்கிறார்கள்.

வட்ஸ்அப்?

இங்கே ஒருவரின் போன் தொலைந்தால் முதலில் கேட்பது படத்தை அல்ல, வட்ஸ்அப்பைத்தான். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகளின் குரல், இப்போது இல்லாத அம்மம்மாவின் வொய்ஸ், காணிக் கதை, சீட்டுக் கணக்கு எல்லாம் அதற்குள். எனவே கொஞ்சம் விரிவாக.

வட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணியளவில் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைக்கும். இழுப்பதற்குமுன் வட்ஸ்அப் செட்டிங்ஸில் சட் பக்கப் பொத்தானை அமர்த்திப் புதிதாக ஒன்று எடுங்கள். அன்ட்ரொயிட் 11 முதல் இடம் இது:

ஏடிபி புல் -ஏ /எஸ்டிகார்ட்/அன்ட்ரொயிட்/மீடியா/கொம்.வட்ஸ்அப்/வட்ஸ்அப் டி:\பக்கப்

அன்ட்ரொயிட்டின் முதலெழுத்து பெரியது, மீடியாவும் கொம்.வட்ஸ்அப்பும் முழுக்கச் சிறியது. கடைசி வட்ஸ்அப்பில் டபிள்யூவும் "அப்" தொடங்கும் ஏயும் மட்டும் பெரியது. பிஸ்னஸ் வட்ஸ்அப் என்றால் கொம்.வட்ஸ்அப்.டபிள்யூ4பி என்ற கோப்புறையைப் பாருங்கள்.

உள்ளே டேட்டாபேசஸ் என்பதில் எம்எஸ்ஜிஸ்டோர் என்று தொடங்கி கிரிப்ட்14 அல்லது கிரிப்ட்15 என்று முடியும் கோப்புதான் உரையாடல். அது பூட்டிய பெட்டி, கணினியில் திறந்து வாசிக்க முடியாது. மீடியா கோப்புறை பூட்டில்லாதது. வொய்ஸ் நோட்ஸ் என்பதற்குள் வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயரில், 202314 என்ற மாதிரி, கோப்புறைகள் இருக்கும். உள்ளே இருப்பவை ஓப்பஸ் கோப்புகள், விஎல்சியில் பாடும். உரையாடல் மீளாமல் போனாலும் குரல்கள் உங்கள் கையில்தான்.

திருப்பிப் போடும் ஒழுங்கு முக்கியம். புதுப் போனில் வட்ஸ்அப்பை நிறுவுங்கள், திறக்காதீர்கள். வட்ஸ்அப் கோப்புறையை அதே இடத்துக்குப் புஷ் செய்யுங்கள் (புஷ் என்றால் கணினியிலிருந்து போனுக்குத் தள்ளுதல், கட்டளையின் மாதிரி கீழே கலரிக் கேள்வியில் இருக்கிறது). அதன்பின் திறந்து, அதே தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்தி, கோப்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்தால் மீட்கட்டுமா என்று கேட்கும். அந்த ஒரு தரம் தவறவிட்டால், வட்ஸ்அப்பை அழித்து மீண்டும் முதலிலிருந்து. திகதி போட்ட பழைய பிரதியிலிருந்து மீட்க வேண்டுமென்றால் பெயரிலுள்ள திகதிப் பகுதியை நீக்கி, மற்றதைப் போல எம்எஸ்ஜிஸ்டோர்.டிபி.கிரிப்ட்14 என்று ஆக்குங்கள்; முடிவு 15 என்றால் 15ஆகவே இருக்கட்டும்.

பெட்டியின் சாவி அந்த இலக்கத்தோடு கட்டியது. சிம் தொலைந்திருந்தால் முதலில் அதே இலக்கத்துக்குப் புதுச் சிம் எடுங்கள். பக்கப்புக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கம் போட்டு, கடவுச்சொல்லோ 64 எழுத்துச் சாவியோ வைத்திருந்தால், அதுவும் இல்லாமல் திறக்காது.

தொடர்பு எண்களும் எஸ்எம்எஸ்ஸும்?

எண்களுக்குக் கட்டளை தேட வேண்டாம். கொன்டாக்ட்ஸ் செயலியிலேயே விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதைப் புல் செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸை வாசிக்க மட்டும் என்றால் ஏடிபி ஷெல் கொன்டென்ட் குவெரி --யூஆர்ஐ கொன்டென்ட்://எஸ்எம்எஸ் என்பதன் விடையை ஒரு கோப்பில் கொட்டலாம்; வழக்கு, வங்கிச் சான்று போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள அது உதவும். அதை அப்படியே போனுக்குத் திருப்ப முடியாது. திருப்ப வேண்டுமென்றால் எஸ்எம்எஸ் பக்கப் செயலி ஒன்று எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பே வழி.

"ஏடிபி பக்கப்" எண்டு ஒரே கட்டளை இருக்காம். அதைப் போட்டால் காணாதோ?

காணாது. அன்ட்ரொயிட் 4 காலத்தில் வந்த கட்டளை அது. அப்போதே, தன்னைப் பக்கப் எடுக்க விடாத செயலியை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போகும். அன்ட்ரொயிட் 12 முதல், அந்தப் பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் இலக்காக வைத்த செயலிகளின் தரவு இதில் சேர்வதே இல்லை. கட்டளை ஓடும், கோப்பும் வரும், உள்ளே எதுவும் இராது. ஏபி என்று முடியும் அந்தக் கோப்பு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவாக இருந்தால் வெறும் கோதுதான். பழைய போன் ஒன்றுக்குப் பயன்படுத்தினால், போட்ட கடவுச்சொல்லை எழுதி வையுங்கள்; மறந்தால் மீள வழியில்லை. திருப்புவது ஏடிபி ரெஸ்டோர், பிறகு கோப்பின் பெயர்.

எந்தெந்தச் செயலி இருந்தது என்ற பட்டியல் மட்டும் வேண்டுமென்றால்: ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பக்கேஜஸ் -3. வங்கிச் செயலிகளும் இரட்டைச் சரிபார்ப்புச் செயலிகளும் இந்த வழிகளால் கோப்பாக வராது. பழைய போன் உயிரோடு இருக்கும்போதே அவற்றைப் புதுப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

படங்களைத் திருப்பிப் போட்டன், கலரியில ஒண்டும் இல்லை.

ஒன்று, போனை ஒரு தரம் அணைத்துப் போட்டால் மீடியாப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு வரும். அல்லது கோப்புறைக்குள் கோப்புறை விழுந்திருக்கும்: ஏற்கெனவே டிசிஐஎம் இருக்கும் இடத்தில் ஏடிபி புஷ் டிசிஐஎம் /எஸ்டிகார்ட்/டிசிஐஎம் என்று கொடுத்தால் அதற்குள் இன்னொரு டிசிஐஎம் உண்டாகும். சரியானது:

ஏடிபி புஷ் டி:\பக்கப்\டிசிஐஎம் /எஸ்டிகார்ட்/

தமிழ்ப் பெயர் வைச்ச கோப்பெல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியுது.

கறுப்பு ஜன்னலின் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவே. எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் பெயர் ஒழுங்காக இருக்கும். தமிழ்ப் பெயரைக் கட்டளையில் தட்ட முயலாமல் அதன் தாய்க் கோப்புறையை இழுங்கள். இன்னொன்று: பாமினியில் தட்டிய பழைய ஆவணம் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அது பக்கப்பால் வந்த பழுதல்ல. அந்த எழுத்துரு போனில் இல்லை.

போன் விழுந்து திரை கறுப்பு. உள்ளே இருக்கிறதை எடுக்கலாமோ?

டிபக்கிங் முன்பே போட்டு, இந்தக் கணினிக்கு "எப்போதும் அனுமதி" கொடுத்திருந்தால் எடுக்கலாம். அன்ட்ரொயிட் 11 முதல், ஏழு நாள் இணைக்காத கணினியின் அனுமதி தானாக நீங்கிவிடும். அதைத் தடுக்கும் ஒப்ஷனும் டெவலப்பர் பட்டியலிலேயே இருக்கிறது. போன் மறுதொடக்கம் ஆகியிருந்தால் பின் எண் கொடுக்கும்வரை உள்ளே உள்ளவை மறைகுறியில் பூட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமலே கொடுக்கலாம்: ஏடிபி ஷெல் இன்புட் கீஈவென்ட் 82, அடுத்து ஏடிபி ஷெல் இன்புட் டெக்ஸ்ட் என்பதோடு உங்கள் பின், பிறகு ஏடிபி ஷெல் இன்புட் கீஈவென்ட் 66. திரை தெரிந்து தொடுகை மட்டும் வேலை செய்யாவிட்டால் ஓடிஜி முனையில் (போனின் துளையில் யூஎஸ்பி கருவிகளைக் குத்த உதவும் சிறு இணைப்பு) ஒரு மௌசைக் குத்துங்கள்.

அனுமதி இல்லையென்றால் மலிவான திரை ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு எடுப்பதே வழி. "பூட்லோடரைத் திறந்து எடுத்துத் தாறம்" என்று எவராவது சொன்னால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். பூட்லோடர் என்பது போன் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்; அதன் பூட்டைத் திறக்கும் செயலே உள்ளே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஐபோனுக்கு?

லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற இலவசத் தொகுப்பில் ஐடிவைஸ்பக்கப்2 என்ற கட்டளை இருக்கிறது. ஐடிவைஸ்பக்கப்2 பக்கப் --ஃபுல், பிறகு கோப்புறையின் பெயர். முதலில் என்கிரிப்ஷனை இயக்குங்கள். இயக்காவிட்டால் சேமித்த கடவுச்சொற்களும் உடல்நலத் தரவும் பிரதியில் சேராது. போன் கடவு எண் கேட்கும், திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கொமியூனிகேஷன் கடைக் கணினியில செய்யலாமோ?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், பெண்பிள்ளைகளின் படம் உள்ள போனென்றால் கட்டாயம் தவிருங்கள். நீங்கள் ஒரு தரம் "எப்போதும் அனுமதி" கொடுத்த கணினி, அடுத்த முறை கேட்காமலே உள்ளே போகும். வேறு வழியில்லையென்றால் அந்தக் கட்டத்தைத் தெரிவு செய்யாமல் அனுமதியுங்கள், உங்கள் சொந்த டிஸ்க்குக்கே நேரே இழுங்கள், முடிந்ததும் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் அனுமதிகளை நீக்கி டிபக்கிங்கை அணையுங்கள். அது போட்டபடி கிடந்தால் சில வங்கிச் செயலிகளும் திறக்க மறுக்கும்.